பின் சீட்டுச் சுவிட்சு

என் பெரியம்மா பார்வதம் ஊமை இல்லை. சமையற்கட்டில் அவள் பேச ஆரம்பித்தால் அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் நிறுத்த மாட்டாள். காரில் ஏறிவிட்டால் மட்டும் வாய்க்குப் பூட்டு. ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் புருஷன் வீட்டு வழக்கம் அப்படி: அந்த வீட்டுப் பெண்கள் டிரைவரோடு பேசக் கூடாது. வண்டி நிற்க வேண்டுமா, திரும்ப வேண்டுமா, எல்லாவற்றையும் கூட வரும் வேலைக்காரி இருசம்மாள் காதில் சொல்ல வேண்டும். அவள் டிரைவர் சிங்காரத்திடம் சொல்வாள். வீட்டுக்குத் திரும்பியதும் பெரியப்பாவிடமும் ஒன்று விடாமல் சொல்வாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தக் கதைதான்.

பெரியப்பா சபாநாயகத்துக்கு அரிசி மில். அந்தக் காலத்துக் கார்களில் இரு பக்கமும் சின்னக் கை ஒன்று இருக்கும். டிரைவர் சுவிட்சைத் தள்ளினால், திரும்பும் பக்கத்துக் கை விளக்கோடு வெளியே நீளும். ஜெர்மன் சண்டை நடந்த வருஷங்களில் பெரியப்பா காரின் இரண்டு கைகளும் மாட்டுவண்டிகளில் இடித்து ஒடிந்துபோயின. சீமையிலிருந்து சாமான் வரவில்லை. சுவிட்சு மட்டும் சும்மா கிடந்தது. இருசம்மாளுக்கோ காரில் ஏறினாலே வாந்தி.

பெரியப்பாவுக்கு யோசனை உதித்தது. சிதம்பரத்தில் பேட்டரி கடை வைத்திருந்த தங்கராசுவைக் கூப்பிட்டார். சுவிட்சைக் கழற்றிப் பின் சீட்டில் பெரியம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டச் சொன்னார். ஒயரை நீட்டி, டிரைவர் கண்ணெதிரே இடதும் வலதுமாக இரண்டு சின்னப் பல்பு. எந்தப் பக்கம் தள்ளுகிறாளோ அந்தப் பல்பு எரியும். கையை எடுத்தால் அணைந்துவிடும்.

"எந்தப் பக்கம் எரியுதோ அந்தப் பக்கம் திருப்பு. ரெண்டும் மாத்தி மாத்தி எரிஞ்சா நிறுத்து. ஏன் எதுக்குன்னு கேக்காத" என்று சிங்காரத்துக்கு உத்தரவு.

பெண்டாட்டியின் குரலை மிச்சம் பிடிக்க ஒயர் இழுத்த அந்த மனுஷர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனாலும் ஒன்று. இருசம்மாளை வண்டியை விட்டு இறக்கியது அந்தச் சுவிட்சுதான்.

பெரியப்பாவுக்கு ஆகாத ஆள் என் அம்மா அமராவதி. பெரியம்மாவுக்கு ஒரே தங்கை. கடலூரில் ஒரு கிறிஸ்தவ வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். "அந்த வூட்டு வாசல மிதிக்கக் கூடாது" என்று பெரியப்பா அன்றே சொல்லிவிட்டார். அதன்பிறகு அக்காளும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பெரியம்மா வெள்ளிதோறும் சிதம்பரம் கோயிலுக்கு வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை கீழக்கோபுர வாசலில் என் அப்பாவின் அக்கா சவரியம்மாள் அவளுக்காகக் காத்திருந்தாள். கடலூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள்.

"அமராவதிய ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். புள்ள குறுக்க கெடக்குதாம். ரெண்டு உசுருக்கும் கஷ்டம்ங்கிறாங்க. அக்கா அக்கான்னு பொலம்புறா. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

பெரியம்மா அர்ச்சனைத் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காருக்கு நடந்தாள்.

புவனகிரியில் சாலை பிரியும். இடப்பக்கம் ஸ்ரீமுஷ்ணம், வலப்பக்கம் கடலூர். எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அங்கே இடது பல்புதான் எரிந்திருக்கிறது. அன்று வலது பல்பு எரிந்தது. கை தவறியிருக்கும் என்று நினைத்துச் சிங்காரம் வண்டியை ஓரங்கட்டினான். திரும்பிப் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. காத்திருந்தான். பல்பு அணையவில்லை. வலப்பக்கம் ஒடித்தான்.

குறிஞ்சிப்பாடி வந்த பிறகும் அது எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவனே வழக்கத்தை மீறினான்.

"அம்மா, வண்டி எப்பவோ திரும்பிடுச்சி. கைய எடுத்துடுங்க."

பெரியம்மாவுக்கு விரல் மரத்துப்போயிருந்தது. எடுத்தால் எங்கே வீட்டுக்கே திருப்பிவிடுவானோ என்று பயந்தாளாம், பாவம்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் தலைமாட்டில் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினாள். கொஞ்சினாள், திட்டினாள், மறுபடி கொஞ்சினாள். அம்மா பிழைத்தாள். நானும் பிழைத்தேன். டாக்டரம்மாவின் கைராசி என்பார் அப்பா. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மறுநாள் சேதி தெரிந்து பெரியப்பா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். பெரியம்மா என்னை மடியில் வைத்திருந்தாள். அவளிடம் போகாமல் சிங்காரத்தைப் பிடித்தார்.

"யாரக் கேட்டுடா இங்க வந்த?"

"வலது பல்பு எரிஞ்சிதுங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதன்னு நீங்கதான சொன்னீங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஊர் திரும்பியதும் தங்கராசுவை வரவழைத்துச் சுவிட்சையும் ஒயரையும் பிடுங்கச் சொன்னார். எலுமிச்சம்பழமும் கையுமாக இருசம்மாள் மறுபடி காரில் ஏறினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியம்மா பின் சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் எனக்குத் தைத்த சட்டை. பெரியப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருசம்மாள் வழக்கம்போலக் காதைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியம்மா அவளைத் தாண்டி முன்னால் பார்த்தாள்.

"சிங்காரம், வண்டிய கடலூருக்கு வுடு."

தெருவுக்கே கேட்டது. சிங்காரம் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், தெருவே பார்ப்பதைக் கண்டு உள்ளே போய்விட்டார். சிங்காரம் வண்டியைக் கிளப்பினான்.