ஒட்டிப்போன காய்

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்தில் என் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். எனக்குப் போக விருப்பமே இல்லை. என்னைக் கண்டதும் அத்தை முதலில் விசாரிப்பது என் வழுக்கையைத்தான், அதுவும் நாலு பேர் முன்னால். மனைவியோ, உங்கள் அத்தைதானே, நீங்களே போங்கள் என்றாள். ஆட்டத்தில் தோற்றவர் போகட்டும் என்று வாயைக் கொடுத்தவன் நான்தான்.

ஆட்டமும் என்னுடையதுதான். நான் வேலை செய்யும் பீங்கான் யூனிட்டில் கழித்துப்போட்ட வட்ட வில்லைகள்தான் காய்கள். வெள்ளை எனக்கு, பழுப்பு அவளுக்கு. அட்டையில் கட்டம் போட்டு, பக்கத்துக் காயின்மேல் நம் காயை ஏற்றி அடுக்க வேண்டும். உச்சியில் யார் நிறமோ அடுக்கு அவருடையது. கடைசியில் யாருடைய அடுக்கு உயரமோ அவருக்கு வெற்றி. விதிகளைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். சண்டை வரும்போதெல்லாம் ஒரு விதி சேரும், பெரும்பாலும் எனக்குச் சாதகமாக. அதில் எனக்கு வெட்கமில்லை. பேனா என் கையில் இருந்தது.

அன்று வெள்ளையில் ஒன்று காணவில்லை. அதற்குப் பதிலாக நான் வைத்தது, சூளையில் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரண்டு வில்லைகள். மேலே வெள்ளை, கீழே பழுப்பு. இது ஒன்றா, இரண்டா என்று கேட்டாள். இரண்டுதான் என்று பதினோராவது விதியாக எழுதினேன். மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முடிவில், நாலு காய் அடுக்கின்மேல் அந்த ஒட்டுக்காயை ஏற்றினேன். ஆறு. அவளுடைய பெரிய அடுக்கில் ஐந்துதான். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் புடவை என்று இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அவள் ஒட்டுக்காயை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் வைத்தாள். உச்சியில் பழுப்பு.

"திருப்பக் கூடாது" என்றேன்.

"அப்படி எங்க எழுதியிருக்குது, காட்டுங்க."

பதினோரு விதிகளையும் இரண்டு முறை படித்தேன். இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் அல்ல, அதை எழுத மறந்த மடையன்மேல். பேனாவை எடுத்துப் பன்னிரண்டாவது விதியை எழுதினேன்: ஒட்டிய காயைத் திருப்பக் கூடாது.

அவள் பேனாவை வாங்கி அதன் கீழே எழுதினாள்: திங்கட்கிழமையிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு பெண்ணாடம் பஸ் ஏறினேன். வாசலிலேயே அத்தை அதைக் கழற்றச் சொன்னார்.