நான் பாக்கன், மாமா

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், மனைவி வீட்டில்தான் குடியேறுவான். முப்பது வருடத்துக்கு முன் நானும் அப்படி வந்தவன்தான். வந்த புதிதில் பைப் ஒழுகியது. "பைப் வேலை செய்யும் பாஸைக் கூப்பிடுவமா?" என்று மாமா கேட்டார். "தேவையில்ல மாமா, நான் பாக்கன்" என்றேன். எனக்கு அந்த வேலை தெரியாது. புது வீட்டில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. குசினியில் அடுப்படிவரை வெள்ளம்; பிறகு இரண்டு நாள் வீட்டில் தண்ணீரே இல்லை.

அந்தக் காலத்தில் டிவியில் ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. எல்லாம் தெரிந்தவர்போல நடிக்கும் கணவர் வாராவாரம் மாட்டிக்கொள்வார். இப்போது இணையத்தில் அதைத் திரும்பப் பார்க்கிறோம். அதிலிருந்த அரசியல் கிண்டலெல்லாம் செத்துப்போய்விட்டது. யாரைச் சொன்னார்கள் என்றே நினைவில்லை. அந்த மனிதரின் வீறாப்புக்கு மட்டும் வயதாகவில்லை. அவர் வாய் திறக்கும் முன்பே சிரித்துவிடுகிறோம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, மகளைக் கல்யாணம் முடித்து இரண்டு மாதமான மருமகனும் எங்களோடு பார்த்தார். எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். தொடர் முடிந்தபோது குசினியில் பைப் ஒழுகும் சத்தம் கேட்டது.

"பாஸுக்குச் சொல்லுவம்" என்றேன்.

"எதுக்கு மாமா? நான் பாக்கன்" என்று எழுந்தார்.

என் மனைவி அவருக்கு முன்னே போய், வீட்டிலிருந்த வாளிகளையெல்லாம் நிரப்பத் தொடங்கினாள்.