பிச்சை முகம்மது பட்டறையின் மூக்கு

எந்தக் கார் வந்து நின்றாலும் பிச்சை முகம்மது முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. பின்னால் போய், கைலியை மடித்துக்கட்டி, சைலன்சர் அருகே குத்தவைத்து, கண்களை மூடி ஒரு மூச்சு இழுப்பார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அந்த மூச்சுக்குப் பேர் உண்டு. பெட்ரோல் அதிகம் குடிக்கிறதா, ஆயில் எரிகிறதா என்று ஒரே இழுப்பில் சொல்லிவிடுவார்.

அந்த மூச்சில் இப்போது அவருக்கு எதுவும் தெரிவதில்லை. கொரோனாவில் போன மோப்பம் திரும்பவே இல்லை. மோப்பம் போனது அவருக்கே தெரியாதிருந்த நாளில், அவர் பெட்ரோல் கசிவோடு அனுப்பிவிட்ட கார் ஒன்று வன்னியம்பட்டி விலக்கில் புகைந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் பட்டறையைப் பூட்டிவிட்டு, பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பதினோராம் நாள் கதவைத் திறந்தது அவர் மனைவி ஜரீனா. அவள் என் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மோப்பம் போன விஷயத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்த கார் உறுமும்போதெல்லாம் ஜரீனா வாசல் பெருக்க வந்துவிடுவாள். பெட்ரோல் வாடை இருந்தால் விளக்குமாற்றை இரண்டு தட்டு தட்டுவாள். தட்டாமல் போனால், வண்டி போகலாம். ஒருநாளைக்கு ஏழெட்டு முறை பெருக்கப்படும் வாசல் அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான்.

போன வாரம் போலீஸ்காரி பாண்டிசெல்வியின் கார் வந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவில்லை. ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்றார் பிச்சை முகம்மது. அது என்ன என்று கேட்டவளுக்குப் பொறுமையாகச் சொன்னார்: “புகையில எம்புட்டு காத்து மிச்சமிருக்குன்னு மோந்து இஞ்சினுக்குச் சொல்லும்மா. இது செத்துட்டா இஞ்சின் கண்ண மூடிக்கிட்டு பெட்ரோலக் குடிக்கும்.”

துருவேறிய சென்சாருக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, “வாடி தங்கம், செத்த எறங்கு” என்று கெஞ்சிக் கழற்றினார். புதியதை நுனியில் விரல் படாமல் மாட்டினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. பாண்டிசெல்வி குழந்தையைப் பின்சீட்டில் படுக்கவைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு நகரத் தொடங்கினாள்.

ஜரீனா அப்போதுதான் விளக்குமாற்றோடு வந்தாள். தட்டுவதற்கு நேரமில்லை. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“மச்சான், வண்டிய அணைக்கச் சொல்லுங்க. பெட்ரோல் வாடை. பின்னால இல்ல, முன்னால.”

பானெட் திறந்தது. பெட்ரோல் வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை விரிசல். சூடான இஞ்சினுக்கு நாலு விரல் தள்ளி ஈரம். அதைத் தடவிய விரலைத் தன் மூக்கருகே கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி, ஜரீனாவிடம் நீட்டினார். அவள் தலையசைத்தாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய பாண்டிசெல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏன் பாய், இங்க மெக்கானிக் நீங்களா, அக்காவா?”

கேலியாகத்தான் கேட்டாள். ஜரீனா முந்திக்கொண்டு ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தாள். அவர் கையமர்த்தினார்.

“எனக்கு வாடை தெரியாதும்மா. நாலஞ்சு வருசமாச்சு. இவதான் மோந்து சொல்லுதா.”

பாண்டிசெல்வி குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

ஹோஸை மாற்றி முடிக்க அரைமணி நேரம் ஆனது. சாவிக்காக பாண்டிசெல்வி கையை நீட்டினாள். பிச்சை முகம்மது சாவியைக் கைலியில் துடைத்து, ஜரீனாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார்.