எண்பத்தைந்துக்குக் கீழே

என் நாத்தனாரைப் பூசணி என்று முதலில் கூப்பிட்டவர் அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர். அப்போது அவளுக்கு நாலு வயதாம். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது, எடை நூறைத் தாண்டியிருந்தது. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. "அண்ணன் கூப்பிட்டா செல்லம், மத்தவங்க கூப்பிட்டா வசவு" என்பாள். நான் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இங்கே எழுத்தில் மட்டும் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் கேன்டீனில் அவளுக்கு வேலை. சாஸ் மேசை அவள் பொறுப்பு. தக்காளி சாஸ், கடுகு சாஸ், மயோனைஸ் எல்லாம் பெரிய வாளிகளில் வரும். அவற்றை நீள மூக்கு வைத்த பாட்டில்களில் நிரப்பி, மூக்கைத் துடைத்து, மூடி போட்டு வரிசையாக வைக்க வேண்டும். மதியம் கூட்டம் வருவதற்குள் எழுபது பாட்டில். பதினோரு வருஷமாக அதைச் செய்தாள். ஒரு பாட்டில்கூடப் பிசுபிசுவென்று இருக்காது.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான், அதற்கு மேல் ஒரு மடக்குக் கூடாது. உப்பும் கிடையாது. மனிதர் முணுமுணுக்காமல் கடைப்பிடித்தார். யாராவது சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பார் என்றார்கள். மாமனார், மாமியார் இல்லை. என்னுடையது பொருந்தவில்லை. பூசணியுடையது பொருந்தியது.

"பொருத்தம் பிரமாதம். ஆனா நூத்தி இருபத்திரண்டு கிலோவில எடுக்க மாட்டோம். எண்பத்தஞ்சுக்குக் கீழ வரட்டும்" என்றார் டாக்டர். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டால் சீக்கிரம் குறையும் என்று விளக்கினார். நான் ஆயிரம் கேள்வி கேட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான். "எப்ப பண்ணலாம்?"

செய்தார்கள். நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, வேளை, என்ன சாப்பிட்டாள், எத்தனை கிராம். சமையலறைத் தராசில் நானே நிறுத்துத் தட்டில் வைப்பேன். கோழி அறுபது கிராம், முட்டை ஒன்று, தயிர் மூன்று ஸ்பூன். இவ்வளவு பெரிய உடம்புக்கு இதுவா என்று பார்க்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். திங்கட்கிழமை காலையில் எடை பார்ப்போம். இவர் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவார். நூற்றுப் பதினாலு. நூற்று ஆறு. தொண்ணூற்றெட்டு. பூசணி என்று கூப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டார். "இனிமே வெள்ளரின்னு கூப்பிடறேன்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

நாலாவது மாதம் கோழி அவளுக்கு அடைக்க ஆரம்பித்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடுவாள். கண் சிவந்து திரும்பி வருவாள். "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு அண்ணி." எனக்கு மனசு கேட்கவில்லை. கோழியை நூல் நூலாகப் பிய்த்து, ஒரு ஸ்பூன் மயோனைஸ் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, அங்கேயே தங்கியது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஏதோ பரீட்சையில் தேறியதுபோல் சந்தோஷப்பட்டோம். நோட்டில் கோழி அறுபது கிராம் என்று எழுதினேன். மயோனைஸை எழுதவில்லை. தொட்டுக்கொள்வதைப் போய் யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?

தொண்ணூற்றொன்றில் எடை நின்றது. நாலு திங்கட்கிழமை அசையவில்லை. அப்புறம் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்று. இவர் கைதட்டவில்லை, "விடு, தண்ணி எடையா இருக்கும்" என்றார். நான் எடை இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு வேறொன்று வாங்கினேன். அதுவும் அதையேதான் காட்டியது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் நோட்டைப் புரட்டிவிட்டு, "இவ்வளவுதான் சாப்பிட்டா எடை ஏறவே ஏறாதே" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "நானே நிறுத்துப் போடறேன். என்னைப் பொய்க்காரின்னு சொல்றீங்களா?" என்று அந்த அறையே அதிரக் கத்திவிட்டு வந்தேன். பூசணி என் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தாள்.

அடுத்த வாரம் அவள் மதிய டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். "ஸ்டோர் ரூம்ல இருக்காங்க" என்றார் சமையல்காரர். கதவு ஒருக்களித்திருந்தது. அவள் கவிழ்த்த வாளியொன்றின் மேல் உட்கார்ந்து, மயோனைஸ் பாட்டிலின் மூக்கை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. ஆசையாகச் சாப்பிடுகிற முகம் இல்லை அது. கசப்பு மருந்தை விழுங்குகிற முகம். பக்கத்தில் இன்னொரு பாட்டில் காலியாகக் கிடந்தது.

டப்பாவைத் தரையில் வைத்தேன். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"எத்தனை நாளா?"

"நீங்க பிசைஞ்சு குடுத்தீங்களே, அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து." வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேற எதுவும் இறங்க மாட்டேங்குது அண்ணி. இது மட்டும்தான் இறங்குது. இறங்கினா கொஞ்ச நேரம் பயமில்லாம இருக்கு."

"உங்க அண்ணன் செத்துப் போயிடுவாருடி!"

"தெரியும். அந்தப் பயந்தான். அது வந்தாலே கை பாட்டிலுக்குப் போயிடுது."

நான் கை ஓங்கினேன். அடித்திருப்பேன். அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன், இதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரில் நாளை ஓட்டுகிறவர் வீட்டில் இருக்கிறார், இவளால் ஒரு சாஸை விட முடியவில்லையே என்று வயிறு எரிந்தது. ஆனால் அந்த முதல் ஸ்பூன் என் கையால் பிசைந்தது. ஓங்கிய கையைக் கீழே இறக்கினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டித் தீர்த்தேன். முழுவதும் கேட்டார்.

"எனக்குத் தெரியும். பக்கத்துல வந்து உட்காரும்போதே வாசனை வருமே. எனக்குத்தான் உப்பே இல்லையே, மூக்கு நாய் மூக்கு மாதிரி ஆயிடுச்சு."

"தெரிஞ்சும் ஏங்க சும்மா இருந்தீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? எனக்காக வயித்தை வெட்டிக் குடுத்திருக்கா. அதுக்கு மேலயும் கேளுன்னா நான் எந்த வாயால கேக்கிறது?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அவளைத் திட்டாத. நான் போனப்புறமும் திட்டாத."

அதன்பிறகு அவள் நிஜமாகவே போராடினாள். சாஸ் மேசையிலிருந்து பாத்திரம் கழுவும் பக்கத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு வாரம் இருப்பாள், மறு வாரம் சறுக்குவாள். வீட்டில் வெண்ணெய் டப்பாவில் விரல் தடம் இருக்கும். நான் வெண்ணெய் வாங்குவதை நிறுத்தினேன். எடை தொண்ணூறுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில் ஊசலாடியது. அதற்குள் இவருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. "இனி எண்பதே வந்தாலும் இவர் உடம்பு ஆப்பரேஷனைத் தாங்காது" என்று டாக்டர் கையை விரித்தார். பூசணி அந்த அறையில்தான் இருந்தாள். சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். இவர்தான் எழுந்து போய்த் தூக்க முயன்றார். "எழுந்திரு பூசணி, என்னால உன்னைத் தூக்க முடியாது" என்றார். வெகு நாள் கழித்து அந்தப் பெயரைச் சொன்னார். ஏழு வாரம் கழித்து, டயாலிசிஸ் நாற்காலியிலேயே ஒரு மத்தியானம் போய்விட்டார்.

நான் அவளைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டு நடந்தோம். அவள் தட்டில் எதை வைத்தாலும் அப்படியே திரும்பி வந்தது. ஒரு நாள் என்னையும் அறியாமல் கடைக்குப் போய் ஒரு பாட்டில் மயோனைஸ் வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். பத்து நாள் கழித்தும் மூடி பிரியாமல் இருந்தது.

இவர் போன மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். போனேன். எடை இயந்திரத்தின் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். நைட்டி தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. பார்வை நாற்காலிப் பக்கம் இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

"எண்பத்துநாலு, அண்ணி" என்றாள்.

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.