கீறாமல் விட்ட வண்டில் பாதை

பழைய ஊர்க் காணியைக் கேட்டுக் கந்தோருக்குப் போன அக்கா அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கதிரையில் குந்தியிருந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகே கதைக்கத் தொடங்கினார். காணி விசாரிக்கும் உத்தியோகத்தர் மேசையில் வரைபடத்தை விரித்துக் காட்டினாராம். குச்சவெளிக்கு மேற்கே, அக்கா விரல் வைத்த இடத்தில், வெறும் பச்சை நிறம் மட்டுமே இருந்ததாம். பாதையே இல்லாத காட்டுக்குள் சனம் எப்படிக் குடியிருந்திருக்கும் என்று அவர் கேட்டாராம். மரியாதையாகத்தான் கேட்டார் என்றும் அக்கா சொன்னார்.

“நீ படம் கீறின ஆள்தானே தம்பி. எங்கட பாதை ஏன் அதில இல்லை?”

பழைய வரைபடத் தாளில் இருக்கும், எடுத்துப் பார்க்கிறேன் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. அந்தப் பாதை புதிய படத்தில் ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கீறாமல் விட்டவன் நான்தான்.

எங்கள் அப்பப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கரி சுமந்தவர். அங்கே ஆட்களை வேலையால் நிறுத்தத் தொடங்கியபோது அவரும் இன்னும் நான்கு குடும்பத் தலைவர்களும் சேர்ந்து ஐந்து மாட்டு வண்டில்களில் சாமான் ஏற்றிக்கொண்டு கரையோரமாக வடக்கே போனார்கள். முதல் இரவு நிலாவெளி, இரண்டாம் இரவு கும்புறுப்பிட்டி, மூன்றாம் இரவு குச்சவெளி. அங்கிருந்து மேற்கே காட்டுக்குள் திரும்பி, உடைந்து கிடந்த ஒரு சின்னக் குளத்தைக் கண்டு, அதைக் கட்டி, கீழே வயல் வெட்டினார்கள். குச்சவெளியிலிருந்து குளம் வரைக்கும் அவர்கள் வண்டில் போய்ப் போய் உண்டானதுதான் அந்தப் பாதை. ஊருக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் தேடிப் பார்க்க அந்தப் பெயரில் இப்போது எதுவும் இல்லை.

அக்கா அங்கேதான் பிறந்து அங்கேயே கலியாணம் கட்டினார். நான் பத்து வயதில் படிப்புக்கென்று பட்டணத்துக்குச் சின்னம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். எண்பதுகளின் நடுவில் ஊர் முழுவதும் ஒரே நாளில் எழும்பி ஓடிவந்தது. காணி உறுதிகளும் பெர்மிட்டுகளும் வீடுகளோடு எரிந்தன. அத்தான் முகாமில் இரண்டு வருடமும் பட்டணத்துக்குப் பக்கத்து அன்புவழிபுரத்தில் இருபது வருடமும் இருந்து செத்துப்போனார். அக்கா இப்போதும் அங்கேதான் மகளோடு இருக்கிறார். போரெல்லாம் முடிந்த பிறகு மற்ற ஊர்ச் சனம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போவதைப் பார்த்துத்தான் அவருக்கும் ஆசை வந்தது. அங்கே ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தால் போதும் என்பார்.

அவர்கள் முகாமில் இருந்த காலத்தில் நான் தலைநகரில் ஒரு வரைபடக் கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். படவரைஞர் வேலை. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் பழைய தாளை வைத்து, மேலே புதிய தாளைப் போட்டு, கோடு கோடாகப் பார்த்துக் கீறவேண்டும். ஆறுகள் ஒரு நாள், பாதைகள் ஒரு நாள் என்று போகும். ஒரு நாள் எனக்கு வந்த தாள் எங்கள் பகுதியாக இருந்தது. அறிவுறுத்தல் தாளில் பாவனையில் இல்லாத வண்டில் பாதைகளைக் கீறாது விடவும் என்று ஒரு வரி இருந்தது. குச்சவெளியிலிருந்து மேற்கே அந்த இரட்டைப் புள்ளிக்கோடு போவதை நான் பார்த்தேன். என்ன பாதை என்றும் தெரியும், ஏன் இப்போது அதில் ஆட்கள் போவதில்லை என்றும் தெரியும். மேலதிகாரியிடம் எழும்பிப் போய், இது கொஞ்ச நாளாகத்தான் ஆட்கள் இல்லாத இடம், இதை விடக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிரிவில் அப்போது தமிழன் நான் ஒருவன்தான். நான் எழும்பவில்லை. கோட்டைத் தாண்டி அடுத்த பாதைக்குப் போனேன். அன்று மத்தியானம் வழமைபோலச் சாப்பிட்டேன்.

அக்கா வந்து போன பிறகு பழைய தாளின் பிரதி ஒன்றைத் தேடி எடுத்தேன். பாதை அதில் தெளிவாக இருந்தது. அந்தப் பாதையில் போய், இருப்பதை எல்லாம் படம் பிடித்து, இடக்குறிப்போடு கொடுத்தால் விசாரணைக்கு உதவும் என்று அக்காவுக்குச் சொன்னேன். கிணறு இருக்கும், கோவில் அத்திவாரம் இருக்கும், குளக்கட்டு எங்கே போகப்போகிறது என்றார் அவர். அப்பப்பா போன வழியாலேயே முதலிலிருந்து போவோம் என்றும் சொன்னார். அது தேவையில்லை, நேரே குச்சவெளிக்குப் போகலாம் என்றேன். அவர் கேட்கவில்லை.

இறக்கக்கண்டிப் பக்கத்து முஸ்லிம் ஒருவரின் ஓட்டோவைப் பிடித்தோம். ஐம்பது வயதிருக்கும். முன்பு அந்தக் காட்டுப் பக்கம் விறகுக்கு உழவு இயந்திரம் ஓட்டியவர். நாங்கள் வண்டில் பாதை என்றால் அவர் கரத்தைப் பாதை என்பார். தன்னுடைய வாப்பா அந்தப் பாதையால் போய் எங்கள் ஊரில் நெல் வாங்கியிருக்கிறார் என்று முதல் பேச்சிலேயே சொன்னார். அக்காவுக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. வழி முழுக்க அவருடன்தான் கதைத்துக்கொண்டு வந்தார்.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். சாம்பல்தீவைத் தாண்டும்போது, முதல் நாளே ஒரு மாடு நொண்டத் தொடங்கியது இந்த இடத்தில்தான் என்று அக்கா காட்டினார். எந்த இடம் என்று எனக்கு விளங்குவதற்குள் ஓட்டோ அதைக் கடந்துவிட்டது. நிலாவெளியில் வண்டில்கள் தங்கிய கிணற்றடியைத் தேடினோம். கடற்பக்கமாக ஒரு ஹொட்டேலின் நீளமான மதில் நின்றது. அக்கா இறங்கி, கேற்றில் நின்ற காவலாளியிடம் உள்ளே ஒரு பழைய கிணறு இருக்கிறதா என்று கேட்டார். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிக் கையை விரித்தார். உள்ளே நீச்சல் குளத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பி வந்து ஏறிக்கொண்டார்.

இறக்கக்கண்டியில் களப்பு கடலோடு சேரும் இடத்தில் வண்டில்கள் நீர் வற்றும்வரை அரை நாள் காத்திருந்தன என்று அப்பா சொல்வார். பெண்கள் அரிசிச் சாக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் கடந்தார்களாம். நாங்கள் பாலத்தால் போனோம். அக்கா பாலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய வசனம் முடிவதற்குள் பாலம் முடிந்துவிட்டது. ஐந்து குடும்பம் மூன்று நாள் போன தூரத்தை நாங்கள் இடையில் நின்று நின்றும் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தோம். குச்சவெளியில் ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது, “வந்த மாதிரியே இல்லை” என்றார் அக்கா. அவ்வளவு நேரமும் இருந்த உற்சாகம் அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்ததைக் கண்டேன்.

மேற்கே திரும்பிய கிரவல் பாதை ஐந்து கிலோமீற்றர் அளவு போய் யானை வேலியில் முட்டி நின்றது. அதற்கு மேல் ஓட்டோ போக ஏலாது. வேலியில் ஆட்கள் போகும் ஒரு இடைவெளி இருந்தது. ஓட்டோக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். யானைக்குக் கேட்கட்டும் என்று இடையிடையே கையைத் தட்டினார். நான் பழைய தாளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தேன். போனில் நாங்கள் ஒரு நீலப் புள்ளி, சுற்றிவர ஒன்றுமில்லை.

பாதையை முதலில் கண்டது நான்தான். தரையில் தடம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் பாலையும் முதிரையும் பெரிய மரங்களாக நிற்க, நடுவில் ஒரு வண்டில் அகலத்துக்கு ஒல்லி மரங்கள் மட்டும் நீளமாக வரிசை பிடித்துப் போயின. அந்த வரிசையில் ஒரு மரம்கூட நாற்பது வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்காது. தாளில் இருந்த வளைவும் அந்த வரிசையின் வளைவும் ஒன்றாக இருந்தன. நான் நின்று அக்காவுக்குக் காட்டினேன். அவர் கிட்ட வந்து பார்த்தார். பிறகு காலால் சருகைத் தள்ளிக் கல்லுத் தரையைப் பார்த்து, “ஓம், இதிலதான் சில்லுச் சத்தம் மாறும்” என்றார். கரையிலிருந்து மணலில் சத்தமில்லாமல் வரும் வண்டில் இந்த இடத்தில் கடகடவென்று அடிக்கத் தொடங்குமாம். வீடு கிட்டுது என்று பிள்ளைகள் நித்திரையால் எழும்புவார்களாம்.

இன்னும் அரை மணித்தியாலம் நடந்தோம். செருப்பு வார் அறுந்து அக்கா ஒரு காலில் வெறுங்காலோடு வந்தார். என்னுடையதைப் போடச் சொன்னேன், மறுத்துவிட்டார். அப்போது ஓட்டோக்காரர் நின்றார். அவருக்கு முன்னால் புதிதாக வெள்ளை அடித்த வன இலாகா எல்லைக்கல் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்து மரத்தில் உள்ளே போகத் தடை என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை அறைந்திருந்தது.

“இதுக்கு அங்கால நான் வர ஏலாது சேர். போன மாசம் விறகுக்குப் போன ரெண்டு பேரைப் பிடிச்சுக் கேஸ் போட்டுக் கோட்டில நிப்பாட்டினவங்க. நீங்களும் போகாதீங்க.”

தாளின்படி குளம் இன்னும் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் இருந்தது. நான் எல்லைக்கல்லைப் படம் பிடித்தேன், ஒல்லி மர வரிசையைப் படம் பிடித்தேன். வேறு எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை. அந்த வரிசை பலகைக்கு அப்பாலும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டோக்காரர் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றார். அக்கா தரையில் குந்தியிருந்து காலில் குத்திய முள்ளைத் தேடினார்.

“பழைய படத்தில இவ்வளவு வடிவாக் கிடக்குது. புதுசில ஏன் தம்பி இல்லாமப் போனது?” என்று திரும்பவும் கேட்டார்.

அவருக்கு முன்னால் நானும் இருந்து சொன்னேன். அந்த மேசையை, அறிவுறுத்தல் தாளை, எழும்பாமல் இருந்ததை எல்லாம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் முள்ளைத் தேடுவதை விட்டுவிட்டார்.

“எங்கட பாதை எண்டு தெரிஞ்சுதான் விட்டனியா?”

“ஓம் அக்கா.”

“பயத்திலயா?”

“பயமும்தான். அங்க கேட்டா என்ர ஊர் எது எண்டு தெரிஞ்சிடும் எண்டு நினைச்சனான்.”

அது தாங்கள் முகாமில் இருந்த நேரமா என்று அக்கா கேட்டார். ஓம், அந்த நேரம்தான் என்றேன். அந்த மாதம்கூட நான் அங்கே பிஸ்கற்றும் பால்மாவும் கொண்டுவந்து தந்ததை அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தப் பால்மா டின்னைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அக்கா என்னைச் சின்ன வயதிலும் அடித்ததில்லை. கடைசியில் எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

“நீ கீறியிருந்தாலும் அவங்கள் வேற ஒண்டைக் கேட்டிருப்பாங்கள்.”

என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாரா, உண்மையில் அப்படி நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பும் வழியில் ஓட்டோக்காரருடனும் அவர் கதைக்கவில்லை. நிலாவெளி ஹொட்டேல் மதில் வந்தபோது மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன். பழைய தாளின் பிரதி, படங்கள், இடக்குறிப்புகள், இவற்றோடு நானே ஒரு வாக்குமூலமும் எழுதினேன். புதிய தாளைக் கீறியவன் நான் என்றும், பாதை அங்கே இருந்தது என்றும், அதை விட்டது நான் என்றும் எழுதி ஒப்பமிட்டேன். உத்தியோகத்தர் இளம் ஆள். முழுவதையும் பொறுமையாக வாசித்தார். அந்தத் தாளைக் கீறியது நீங்கள்தான் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை. படவரைஞரின் பெயரை வரைபடத்தில் போடுவதில்லை. வருடக்கணக்காகக் கீறிய எந்தத் தாளிலும் என் பெயர் இல்லை. பழைய தாளில் பாதை இருப்பது சரிதான், ஆனால் அது மரம் ஏற்றிய பாதையாகவும் இருக்கலாமே என்றார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

மற்ற நான்கு குடும்பங்களின் பிள்ளைகளையும் தேடினேன். கனடாவில் இருந்த ஒருவர், இந்த வயதில் இதெல்லாம் ஏன் அண்ணை என்று கேட்டார். வவுனியாவில் இருந்தவர் தன் பெயரை இழுக்க வேண்டாம் என்றார். மற்ற இரண்டு குடும்பத்திலும் ஊரைக் கண்ட ஆட்கள் மிஞ்சவில்லை.

ஏழு மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்தது. கோரிக்கையைப் பரிசீலிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று இரண்டு வரி. மேன்முறையீடு செய்யலாம் என்று நான் சொன்னேன். அக்கா கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, இந்த மழைக்கு முன் மகளின் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றவேண்டும் என்று கதைத்தார். அதற்குப் பிறகு காணியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. என்னோடு கோபமும் இல்லை. போனால் தேத்தண்ணி தருவார், நீரிழிவுக்குக் குளிசை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்பார்.

அண்மையில் உறவு ஒன்றின் செத்த வீட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா அக்காவிடம் சொந்த ஊர் எது என்று விசாரித்தார். முன்பென்றால் அக்கா அந்தக் கேள்விக்குக் குளத்திலிருந்து தொடங்கி ஒரு மணித்தியாலம் சொல்வார்.

“அன்புவழிபுரம்” என்றார் அக்கா.

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, அங்கே தண்ணீர் எப்படி, உப்பா என்று கேட்டார். குழாய்த் தண்ணி வருகிறது, பரவாயில்லை என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.