லூர்து அண்ணனும் நிற்காத காரும்

கிருஷ்ணகிரியில் ஒரு வேலையை முடித்துவிட்டு ஓசூரில் வந்து இறங்கியபோது, ராயக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் என்னைத் தேடி வந்து, "உங்க லூர்து அண்ணன் போயிட்டாருங்க" என்றார். என் வாயில் முதலில் வந்தது, "கார்லயா?" என்ற கேள்விதான். இல்லையாம். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். கார் இல்லை என்றதும் எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் காரையும் தெரியும். யுத்தத்துக்கு முன் சீமையில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். தளிப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது மாட்டுக் கொட்டகையில் விட்டுப் போனது. சீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியை விரட்டிவிட்டு, எங்கள் லேத் பட்டறைக்கு அதை இழுத்து வந்தார். வெளியே பழைய அழகு கெடக்கூடாது, உள்ளே எல்லாம் புதுசாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். லாரியில் மோதி நொறுங்கிய புதுக் கார் ஒன்றின் எஞ்சினை வாங்கி வந்து, இரண்டு கார்புரேட்டர் பூட்டினார். அதன் பலத்தைத் தாங்க அடிச்சட்டத்தை வெல்டிங் வைத்துக் கொடுத்தவன் எங்களோடு வேலை செய்யும் வெங்கடப்பா. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் கன்னடமும் அரைத் தமிழும் அவனுக்கு. என்ன வேலை சொன்னாலும் கன்னடத்தில் "ஆகலி" என்பான். ஆகட்டும் என்று அர்த்தம்.

எஞ்சின் புதுசு. பிரேக் மட்டும் கம்பி இழுத்துப் பிடிக்கிற பழசு. எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் புதுப் பிரேக்குக்கான சாமான் மெட்ராஸிலிருந்து வந்தபாடில்லை. அது வரும்வரை ஓட்ட வேண்டாம் என்று நான் நச்சரித்தேன். அண்ணனுக்குப் பொறுமை இல்லை. அவர் மனைவி பிலோமினா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவரை விட்டு நகராதே என்று கேட்டுக்கொண்டார். அதனால்தான் முதல் ஓட்டத்தின்போது, சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்த கூரைத் துணிமேல் நானும் தொற்றிக்கொண்டேன். வெங்கடப்பா அவர் பக்கத்தில் இருந்தான்.

சானமாவு காட்டு ரோட்டில் எஞ்சின் பாட ஆரம்பித்ததும் அண்ணன் சிறுபிள்ளையாகிவிட்டார். "இன்னுங் கொஞ்சம் மிதிக்கட்டுமாடா?" என்று வெங்கடப்பாவைக் கேட்டார். அந்த நேரம் பார்த்து, தூரத்துத் திருப்பத்தில் யானை ஒன்று ரோட்டில் ஏறுவதை அவன் பார்த்துவிட்டான். பயத்தில் அவனுக்கு வீட்டுப் பாஷைதான் வந்தது. "ஆகாலி அண்ணா, ஆகாலி" என்றான். தெலுங்கில் அதற்கு நிற்க வேண்டும் என்று அர்த்தம். காற்றிரைச்சலில் அண்ணனுக்குக் கேட்டது அவனுடைய வழக்கமான "ஆகலி". மிதித்தார்.

நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. யானையைக் கண்டு அவர் பிரேக்கை அழுத்தியபோது கார் அதைச் சட்டைசெய்யவே இல்லை. ரோட்டோர உண்ணிச்செடிப் புதருக்குள் காரைத் திருப்பி விட்டார். முள் கிழித்ததோடு தப்பித்தோம். யானை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனது.

வெங்கடப்பாவை நான் திட்டத் தொடங்கினேன். அண்ணன் தடுத்தார். "அவன் சரியாத்தான் சொன்னான். எனக்கு ஆசை, அதனால அப்பிடிக் கேட்டுச்சு. பயந்தவன் பேச்சத்தான் மொதல்ல கேக்கணும்" என்றார். மறுநாளே எஞ்சினைக் கழற்றித் துணி போட்டு மூடினார். புதுப் பிரேக் வந்து, பொருத்தி, வெறும் சட்டத்தை மேட்டிலிருந்து உருட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்த பிறகுதான் மறுபடி பூட்டினார். அப்புறமும் நான் நிம்மதியாக இருந்ததில்லை. அவர் அந்தக் காரில் கிளம்பினால், திரும்பும்வரை எனக்கு வேலை ஓடாது.

அடக்கம் முடிந்த பிறகு பிலோமினா அக்கா சொன்னார்: "மாசக்கணக்கா நெஞ்சப் புடிச்சுக்குவாரு. கேட்டா வாயுப் புடிப்புன்னுவாரு, சோடா குடிப்பாரு. நம்ம எல்லாருக்கும் கண்ணு கார் மேலயே இருந்துச்சுப்பா." அந்தச் சோடாவில் பாதியை வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

காரை எடுத்துக்கொள் என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். அண்ணனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது பயத்தை மட்டும்தான். அதை இனி மறைப்பதில்லை, யார் கேலி செய்தாலும். நேற்று வெங்கடப்பா வேலை நடுவே இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லை என்றான். வெல்டிங் சுவிட்சை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே வந்தான். கேட்க இதமாக இருந்தது.