கேரியர் இல்லாத சைக்கிள்

இந்த ஊரில் நான் வாங்கிய சைக்கிளுக்குக் கேரியர் கிடையாது. ஸ்டாண்டும் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் சுவரிலோ மரத்திலோ சாய்த்து வைக்க வேண்டும். தூக்கினால் ஒரு கையில் வருகிறது, விலையைக் கேட்டால்தான் கனக்கிறது. ஜெர்மனிக்கு வந்த புதிதில் கடைக்காரரிடம், பின்னால் ஒரு கேரியர் மாட்டித் தர முடியுமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். "கெபேக்?" என்றார். மூட்டை முடிச்சா என்று அர்த்தம். இல்லை, ஆள் உட்கார என்றேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வளர்ந்த ஆள் இரண்டு பேர் ஒரு சைக்கிளில் போனால் இங்கே போலீஸ் பிடிக்குமாம். பிறகு ரொம்பப் பரிவோடு, உங்கள் குடும்பத்துக்கு இன்னொரு சைக்கிள் வாங்க வசதி இல்லையா, பழையது ஒன்று குறைந்த விலைக்குத் தரட்டுமா என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

அவரிடம் நான் எதைச் சொல்லிப் புரியவைக்க? எங்கள் ராஜபாளையத்தில் மில்லுக்கு வேலைக்குப் போகிறவன் கேரியரில் இன்னொருவனை ஏற்றாமல் தனியாகப் போனால், இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று ஊர் பேசும். டபுள்ஸ் போவதற்கென்று ஒரு முறையும் உண்டு. மேடு வந்தால் பின்னால் இருப்பவன் சொல்லாமல் கொள்ளாமல் குதித்து இறங்கிவிடுவான். முன்னால் இருப்பவன் மூச்சைப் பிடித்து மிதித்து மேட்டு உச்சிக்குப் போய் ஒரு காலை ஊன்றி நிற்பான். இறங்கியவன் நடந்து வந்து ஏறிக்கொள்வான். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. இதை ஜெர்மனில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லாததால், கேரியர் இல்லாத சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் இருப்பது நெக்கர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய தொழிற்சாலை ஊர். நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்தவன், இயந்திரம் செய்கிற இடத்துக்கே வேலைக்கு வந்துவிட்டேன். ஆற்றோரமாகவே சைக்கிளுக்கென்று தனிச் சாலை போகிறது. ராட்வெக் என்கிறார்கள். லாரி கிடையாது, பஸ் கிடையாது, ஆடு மாடு கிடையாது. ஆறு வளைகிற இடத்தில் பாதையும் வளைகிறது. ஒரு பக்கம் ஆப்பிள் மரம், மறுபக்கம் சரிவில் திராட்சைத் தோட்டம். பிரிகிற இடத்திலெல்லாம் எந்த ஊர், எவ்வளவு தூரம் என்று பச்சை எழுத்தில் பலகை. வழிகளைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமே விற்கிறார்கள். அதில் சில வழிகளுக்குக் கீழே, 'சமதளம், குடும்பத்துக்கு ஏற்றது' என்று போட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையைப் பார்த்தால் வயிறு எரியும். அப்பன் முன்னால், பிள்ளைகள் நடுவில், அம்மா பின்னால், தாரா வாத்தும் குஞ்சுமாக வரிசையாகப் போவார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருமுறை ஒருவரைக் கேட்டேன். எங்கேயும் இல்லை என்றார். எங்கேயும் இல்லாத இடத்துக்குப் போவதற்கு இத்தனை சந்தோஷமா! நானும்தான் போனேன், தனியாக. குடும்பத்துக்கு ஏற்ற வழியில் ஒற்றை ஆளாக மிதித்துக்கொண்டு போகிறவனை எல்லோரும் "ஹாலோ" சொல்லி முந்திப் போவார்கள். பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து அதைக் கௌரவிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்த வெள்ளைக்காரர்கள் மேல் வந்த பொறாமை சும்மா, ஊறுகாய் மாதிரி. சோறு வேறு இடத்தில் இருந்தது. என் மகள் கோதைக்கு மூன்று வயதாகும்போது நான் கிளம்பி வந்தேன். என் மனைவி கனகம் ராஜபாளையத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. அந்த வேலையை விட்டு வர அவளுக்கு மனமில்லை, விடு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. கனகத்தின் தம்பி முருகேசன் எங்கள் தெரு முனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். மணிக்கணக்கில் சைக்கிள் விடுவது, பஞ்சர் ஒட்டுவது, மற்ற நேரத்தில் என் மகளைத் தூக்கிச் சுமப்பது, இவைதான் அவன் தொழில். காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அது முறை. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கேரியரில் ஏற்றிப் போவதும், சனிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவதும், வரும்போது பால்கோவா வாங்கிக் கொடுப்பதும் எந்த முறையில் வருகிறது?

மாதம் ஒருமுறை போன் பேசுவேன். அவர்கள் பூத்தில் வந்து காத்திருப்பார்கள். காசு ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளை மாமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். "மாமா பெல்லு மாட்டியிருக்காகப்பா. மாமா கையவிட்டு ஓட்டுவாகப்பா." இங்கே நின்றுகொண்டு பல்லைக் கடிப்பேன். கடைசியில் அவளுக்கு ஒன்பது வயதானபோது ஒரு முடிவோடு ஆடி மாதம் லீவு போட்டுப் போனேன். இந்தத் தடவை கோதையைக் கூட்டி வந்து இங்கே பள்ளியில் சேர்ப்பது. கனகம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அவ வாரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க. நா மறிக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். எல்லாம் பிள்ளையின் ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

ஆடிப்பூரத் தேருக்கு எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினார்கள். கனகம் பஸ்ஸில் போனாள். கோதையை நான்தான் சைக்கிளில் கூட்டி வருவேன் என்று சொல்லிவிட்டேன். சைக்கிளும் முருகேசன் கடையில் எடுத்ததுதான், வேறு எங்கே போக? அவளுக்கென்று இங்கிருந்து ஒரு ஹெல்மெட் கொண்டுபோயிருந்தேன். சிவப்பு நிறம், நல்ல விலை. அதைப் பார்த்ததும் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முருகேசன், "என்னத்தான், பிள்ளை தலையில சட்டியக் கவுக்குறீக?" என்றான். கோதை தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். "பூ நசுங்கும்பா" என்று சொல்லிவிட்டாள். சரி போகட்டும் என்று கடை மேசையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். முருகேசன் கடையைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னான். நிதானமா வா மாப்ளே என்றேன், வராமலே இருந்தால் இன்னும் நல்லது என்று நினைத்துக்கொண்டு.

மெயின் ரோட்டில் கூட்டம் என்று மம்சாபுரம் வழியாகப் போனேன். ஒரு பக்கம் மலை, தென்னந்தோப்பு, நடவு முடிந்த வயல். அதுவும் பள்ளத்தாக்கு மாதிரித்தான் இருந்தது, யாரும் பலகை எழுதி வைக்கவில்லை என்பதைத் தவிர. மலையிலிருந்து ஆடிக் காற்று இறங்கி முதுகில் கை வைத்துத் தள்ளியது. காதில் ஓவென்ற இரைச்சல். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். என் மகள் என் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். நெக்கர் ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். லாரியே வராத ரோடு இருக்குத்தா, தாரா குறுக்கே போனால் எல்லோரும் நின்று வழி விடுவார்கள், உனக்கென்று தனிச் சைக்கிள், குடும்பத்தோடு போகவென்றே ஒரு வழி இருக்கிறது. கண்மாய்க்கரை மேடு வந்தது. ஜெர்மனியில் மலை ஏறிய கால் அல்லவா, எழுந்து நின்று ஒரே மூச்சில் மிதித்தேன். சைக்கிள் பஞ்சு மாதிரி ஏறியது. இந்தா பார், முருகேசன் ஏறுவானா இப்படி என்று மனசுக்குள் ஒரு கொக்கரிப்பு. கரை மேலே நிற்காமல், அந்த வேகத்திலேயே இறக்கத்தில் விட்டேன். விட்டுக்கொண்டே, நெடுநாள் வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அப்பா கூட ஜெர்மனிக்கு வாரியாத்தா?"

பதில் இல்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லையே, அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவளை எந்த வகுப்பில் சேர்ப்பது, குளிருக்கு என்ன சட்டை வாங்குவது என்று யோசித்துக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் போனேன். எதிரே வந்த ஒரு அம்மாள், "ஏய்யா, யார்கிட்ட பேசிக்கிட்டு வாரீரு?" என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தேன். கேரியர் காலியாக இருந்தது.

உயிர் போய்விட்டது. எங்கே விழுந்தாளோ என்று சைக்கிளைத் திருப்பினேன். இப்போது அதே காற்று எதிர்க்காற்று, ஒரு அடி நகர விடவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன். கண்மாய்க்கரை உச்சியில் முருகேசன் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தான். அவன் கேரியரில் கோதை. ஒரு பூ கூடக் கலையவில்லை.

"மேடு வந்துச்சுல்லப்பா, அதான் எறங்கிட்டேன்" என்றாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். "கூப்பிட்டேன், நீங்க நிக்கவேயில்ல. மாமான்னா மேல போயி நிப்பாக."

முருகேசன் நல்லவன். அதுதான் எரிச்சலே. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம் அத்தான், நம்ம பிள்ளை எம்மாத்திரம்! செத்த நேரம் உக்காருங்க, பொறவு போவம்" என்றான். நம்ம பிள்ளையாம். அவனை அங்கேயே கண்மாயில் தள்ளிவிடலாம் என்று வந்தது. சத்தியமாக வந்தது. அதற்குப் பதிலாக உட்கார்ந்து அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். மீதித் தூரம் கோதை என் கேரியரில்தான் வந்தாள், அவன் சொன்னதால். என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள், புது ஆளோடு போகிற மாதிரி.

தேர் பார்த்து வந்த பிறகு அதே கேள்வியை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். கோதை யோசித்தாள். நான் மனம் நோகக் கூடாதே என்று அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. "மாமாவும் வாராகன்னா வாரேம்ப்பா" என்றாள். கனகம் எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். நான் வந்தபடியே தனியாகக் கிளம்பினேன். கிளம்புகிற அன்றைக்குக் கடைக்குச் சொல்லிக்கொள்ளப் போனால், அந்தச் சிவப்பு ஹெல்மெட் மல்லாந்து கிடந்தது. அதில் பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் துண்டுகளைப் போட்டு வைத்திருந்தான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் போகிறேன். ஒரு இடத்தில் பாதை ஆற்றை விட்டு விலகி, திராட்சைச் சரிவில் சிறிது ஏறி இறங்கும். அந்த மேட்டு உச்சிக்குப் போனதும் எனக்குக் கால் தானாக ஊன்றுகிறது. நின்றுவிடுகிறேன். ஆரம்பத்தில் போகிறவர் வருகிறவரெல்லாம் "பன்னே?" என்று கேட்டார்கள், சைக்கிள் ரிப்பேரா என்று. இல்லை என்று தலையாட்டுவேன்.

போன வாரம் என் வயதுக்காரர் ஒருவர் மேலே வந்து என் பக்கத்தில் காலை ஊன்றி நின்றார். சைக்கிள் ரிப்பேரா என்று அவர் கேட்கவில்லை. "நீங்களும் காத்திருக்கிறீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டு பேரும் கீழே பார்த்தபடி நின்றோம். செத்த நேரத்தில் ஒரு பெண்பிள்ளை, பத்து வயது இருக்கும், முகமெல்லாம் சிவந்து, எழுந்து நின்று மிதித்தபடி வந்து சேர்ந்தாள். அவர் அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினார். கிளம்பும்போது எனக்காகச் சரிவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஆளும் இதோ வந்துவிடுவார்" என்று ஆறுதலாகச் சொன்னார்.

டாங்கே என்று நன்றி சொன்னேன். அவர்கள் தலை மறைகிற வரைக்கும், கீழே யாரோ ஏறி வருகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.